வயிற்றுக்குள் முடி! பல்! சினைப்பைக் கட்டி போல வேஷம் போடும் விசித்திரக் கட்டி

ஒரு பெண்ணுக்கு அடிவயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்து கட்டியை முழுசாக எடுத்துவிடுகிறார்கள். தேங்காய் அளவு இருக்கிறது. பளபளவென்று வழுவழுப்பாக இருக்கிறது. தட்டில் வைத்து டாக்டர் அதைக் கத்தியால் கீறுகிறார்.

உள்ளே என்ன இருக்கிறது?

முடி! ஒரு பிடி முடி! அவிழ்க்க முடியாத நூல் சிக்கைப் போலச் சுருண்டு கிடக்கிறது. அதைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் வெண்ணெய் போன்ற கொழுப்பு. சுவரில் ஓரிடத்தில் சதை திரண்டு மேடாக இருக்கிறது. அந்த மேட்டில் பதிந்திருக்கிறது, பல்! எனாமல் பூசிய நிஜமான பல்!

இது கட்டுக்கதை அல்ல. உலகத்தில் எல்லாப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் அடிக்கடி காணும் காட்சி. சினைப்பையில் உண்டாகும் கட்டிகளில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை இந்த வகையைச் சேர்ந்தவை. "டெர்மாய்டு கட்டி" என்பது அதன் பெயர். தோல் போன்றது என்று அர்த்தம்.

ஆனால் நாம் இங்கே சொல்லப்போவது இன்னும் விசித்திரமான ஒன்று. இதே கட்டி சில சமயம் சினைப்பையில் இல்லாமல், வயிற்றில் வேறெங்காவது உட்கார்ந்துகொண்டு, "நான் சினைப்பைக் கட்டிதான்" என்று டாக்டரையே ஏமாற்றுகிறது. அந்த வேஷத்தைக் கலைப்பது எப்படி? கலைக்காமல் விட்டால் என்ன ஆகும்?

தறி மேல் பழி

சேலம் அம்மாபேட்டை நெசவாளர்கள் நிறைந்த இடம். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட ஊர். கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகினாலும், நூலோடு பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் ஏராளம். ஆண் தறியில் உட்கார்ந்தால், பெண் தார் சுற்றுவாள். பல வீடுகளில் பெண்ணே தறியில் உட்காருவாள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணின் வயிறு மெல்ல மேடு கட்டினால் என்ன சொல்வார்கள்? "உட்கார்ந்தே வேலை செய்கிறாய், வயிறு வந்துவிட்டது" என்பார்கள். "தறி மரம் அழுத்தி அழுத்தி வாயு சேர்ந்துவிட்டது" என்பார்கள். பெருங்காயம், ஓமத் தண்ணீர், விளக்கெண்ணெய் என்று மாதங்கள் ஓடும். கலியாணமாகாத பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வயிற்றை மறைக்கத் தாவணியை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருப்பாள். வாயைத் திறந்தால் ஊர் வாய் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும்.

தறி மேல் பழி போடுவது தவறு. டெர்மாய்டு கட்டிக்கும் செய்யும் தொழிலுக்கும் சம்பந்தம் கிடையாது. சாப்பாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அதன் வித்து, அந்தப் பெண் தன் தாய் வயிற்றில் கருவாக இருந்தபோதே விழுந்துவிட்டது.

பல் எப்படி முளைக்கிறது?

தாயின் கருப்பையில் சிசு உருவாகும்போது, பிற்காலத்தில் முட்டையாக மாறவேண்டிய அணுக்கள் முதலில் சினைப்பையில் இருப்பதில்லை! சிசுவின் உடலுக்கு வெளியே, மஞ்சட்கருப் பை என்ற இடத்தில் அவை தோன்றுகின்றன. கரு உண்டான 4-வது வாரத்திலிருந்து 6-வது வாரத்துக்குள் அவை யாத்திரை புறப்படுகின்றன. குடலைத் தாங்கும் சவ்வின் வழியாக ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் சினைப்பை உண்டாக வேண்டிய இடத்தை அடைகின்றன.

இந்த அணுக்களுக்கு ஓர் அபூர்வ சக்தி உண்டு. தோல், முடி, பல், எலும்பு, கொழுப்பு, நரம்பு என்று உடம்பின் எந்தப் பாகமாகவும் மாறக்கூடிய சக்தி அது. முழு மனிதனை உண்டாக்க வேண்டிய அணு அல்லவா? அந்தச் சக்தி வேளை தெரியாமல், துணை இல்லாமல், தாறுமாறாக விழித்துக்கொண்டால் டெர்மாய்டு கட்டி உண்டாகிறது. தோல் வளர்கிறது. தோல் இருந்தால் முடி முளைக்கும், எண்ணெய்ச் சுரப்பி எண்ணெயைச் சுரக்கும். வெளியே போக வழியில்லாமல் அது அங்கேயே சேர்கிறது. உடம்புச் சூட்டில் அந்த எண்ணெய் உருகிய நெய்யைப் போல இருக்கும். வெளியே எடுத்து வைத்தால் மார்கழி மாதத்து நெய் போல உறைந்துவிடும். அபூர்வமாகச் சில கட்டிகளில் தைராய்டு சுரப்பி இருந்து, அது வேலையும் செய்திருக்கிறது!

"இரட்டைப் பிள்ளையில் ஒன்று உள்ளே போய்விட்டது" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. 1975-ல் அமெரிக்காவில் லின்டர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் இக்கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, இவை அந்தப் பெண்ணின் ஒரே ஒரு முட்டை அணுவிலிருந்து, ஆண் சம்பந்தமே இல்லாமல் தானாகக் கிளைத்தவை என்று காட்டினார்கள். கன்னிப் பெண்ணுக்கும் இது வரும். சிறுமிக்கும் வரும். யாரும் யாரையும் சந்தேகப்பட இடமில்லை.

செய்வினையா?

கட்டியில் முடி இருந்தது என்ற செய்தி வீட்டுக்குப் போனதும் இன்னொரு பேச்சுக் கிளம்பும். "யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்!"

இடுமருந்து எடுப்பவர்கள் நம் ஊர்ப்பக்கங்களில் உண்டு. வயிற்றிலிருந்து எடுத்ததாக முடியையும் கசடையும் காட்டி, காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் கையில் இருக்கும் முடி எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஒன்று மட்டும் நிச்சயம். டெர்மாய்டு கட்டிக்கும் இரைப்பைக்கும் வழி கிடையாது. தின்றது அங்கே போகாது. வாந்தி எடுத்தாலும் அது வெளியே வராது.

(தலைமுடியைப் பிடுங்கித் தின்னும் பழக்கம் உள்ள சில பெண் குழந்தைகளுக்கு இரைப்பையில் முடி உருண்டை சேர்வதுண்டு. அது வேறு வியாதி.)

இந்தக் கட்டி நம் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. 17-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் வைத்தியர் ஸ்கல்டீடஸ் ஒரு பிரேதப் பரிசோதனையில் இதைப் பார்த்து எழுதிவைத்தார். டெர்மாய்டு என்ற பெயரை வைத்தவர் ஒரு மாட்டு வைத்தியர் என்றால் நம்புவீர்களா? 1831-ல் லெப்ளாங் என்ற பிரெஞ்சுக்கார மிருக வைத்தியர், ஒரு குதிரையின் மண்டையோட்டின் அடியில் தோல் போன்ற கட்டியைக் கண்டு அந்தப் பெயரை வைத்தார். குதிரைக்கு யார் செய்வினை வைத்தார்கள்?

வேஷம் போடும் கட்டி

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருவோம்.

யாத்திரை போகும் அணுக்கள் எல்லாமே போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடுவதில்லை. சில வழியில் தங்கிவிடலாம். தங்கிய இடத்திலேயே பிற்காலத்தில் கட்டி கிளம்பலாம். குடலுக்கு முன்னால் திரை போலத் தொங்கும் கொழுப்புச் சவ்வு ஒன்று உண்டு. "ஒமென்டம்" என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதில் வரலாம். குடலைத் தாங்கும் சவ்வில் வரலாம். முதுகெலும்பின் அடிப்பக்கம், மலக்குடலுக்குப் பின்னால் வரலாம்.

இன்னொரு வழி இதைவிட ஆச்சரியமானது. முதலில் கட்டி சினைப்பையில்தான் இருக்கிறது. ஒருநாள் அது தன் காம்போடு முறுக்கிக்கொள்கிறது. காம்பில் ரத்த ஓட்டம் நிற்கிறது. பெண்ணுக்கு இரண்டு நாள் வயிற்றுவலி. ஏதோ சூட்டு வலி என்று பொறுத்துக்கொள்கிறாள். வலி போய்விடுகிறது. உள்ளே என்ன நடந்தது? முறுக்கிய காம்பு நைந்து அறுந்து, பழுத்த காய் மரத்திலிருந்து கழல்வதுபோல, கட்டி சினைப்பையோடு கழன்றுவிட்டது! கழன்ற கட்டியைக் கொழுப்புச் சவ்வு வந்து ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. மரத்தில் புல்லுருவி பற்றியதுபோல, கட்டி புது இடத்தில் குடித்தனம் நடத்துகிறது.

மூன்றாவதாக, ஒரு சில பெண்களுக்குப் பிறவியிலேயே இரண்டுக்கு மேல் ஒரு சின்னஞ்சிறு சினைப்பைத் துணுக்கு கொழுப்புச் சவ்வில் ஒட்டியிருந்து, அதிலிருந்து கட்டி கிளம்பலாம் என்பதும் நிபுணர்களின் அபிப்பிராயம்.

எந்த வழியில் வந்தாலும் விளைவு ஒன்றுதான். கொழுப்புச் சவ்விலிருந்து தொங்கும் கட்டி, பாரத்தால் கீழே இறங்கி, இடுப்புக் குழிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. கருப்பைக்கும் சினைப்பைக்கும் பக்கத்து வீட்டுக்காரனாகிவிடுகிறது. கையால் தொட்டுப் பார்க்கும் டாக்டர், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருக்கக்கூடிய காரணத்தைத்தானே நினைப்பார்? "சினைப்பைக் கட்டி" என்று சீட்டில் எழுதிவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை. இத்தகைய கட்டிகள் அவ்வளவு அபூர்வம்.

60 மைல் குதிரைச் சவாரி

வயிற்றுக் கட்டி டாக்டர்களை ஏமாற்றுவது இன்று நேற்று வந்ததல்ல. 1809-ம் வருஷம் டிசம்பர் மாதம். அமெரிக்காவில் கென்டக்கி மாகாணம். ஜேன் டாட் கிராபோர்டு என்ற பெண்மணிக்கு வயிறு பெருத்துக்கொண்டே போனது. பக்கத்திலிருந்த வைத்தியர்கள், "கர்ப்பம்தான், இரட்டைக் குழந்தை" என்றார்கள். மாதம் கடந்தும் பிரசவம் ஆகவில்லை. டான்வில் ஊரிலிருந்து எப்ரேம் மெக்டவல் என்ற டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் பரிசோதித்துவிட்டு, "குழந்தை இல்லை அம்மா, இது கட்டி. இதுவரை யாரும் இதை வயிற்றைத் திறந்து எடுத்ததில்லை. சம்மதமானால் என் ஊருக்கு வாருங்கள்" என்ற கருத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் சம்மதித்தாள். அந்தக் கட்டியைச் சுமந்துகொண்டு, கடும் குளிரில் 60 மைல் குதிரைமேல் போனாள்! மயக்க மருந்து கண்டுபிடிக்காத காலம். 25 நிமிஷத்தில் ஆபரேஷன் முடிந்தது. எடுத்த கட்டியின் எடை 22½ ராத்தல், அதாவது சுமார் 10 கிலோ. ஐந்தாம் நாள் டாக்டர் பார்க்கப் போனபோது நோயாளி எழுந்து தன் படுக்கையைத் தானே சரி செய்துகொண்டிருந்தாள்! அதற்குப் பிறகு 32 வருஷம் உயிரோடிருந்தாள்.

சினைப்பைக் கட்டி ஆபரேஷனின் சரித்திரம் அங்கே தொடங்குகிறது.

நம் நாட்டில் தடையாக இருந்தது கத்தி அல்ல, கூச்சம். ஆண் டாக்டரிடம் வயிற்றைக் காட்ட மாட்டேன் என்று சொல்லிச் செத்த பெண்கள் எத்தனையோ பேர். இதற்காகவே 1885-ல் சென்னையில், மேரி ஷார்லீப் என்ற பெண் டாக்டரின் முயற்சியால் கோஷாப் பெண்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி ஏற்பட்டது. இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்ற பெயரில் இருப்பது அதுதான். அந்த அம்மையார் பிற்காலத்தில் லண்டனில் வயிற்று ஆபரேஷன்களுக்குப் பேர் பெற்றவர். முதலில் வைத்தியம் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில்!

பாய்லர் தொழிற்சாலைக்குப் போன டாக்டர்

கையால் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாதிருந்த நிலையை மாற்றியவர், கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ நிபுணர் இயன் டொனால்டு. இரும்பில் வெளியே தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று ஒலி அலைகளை அனுப்பிச் சோதிக்கும் கருவி ஒன்று தொழிற்சாலைகளில் இருந்தது. "இரும்பின் வயிற்றைப் பார்க்கும் கருவி பெண்ணின் வயிற்றைப் பார்க்காதா?" என்று அவருக்குத் தோன்றியது.

1955 ஜூலையில், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார்களில் ஏற்றிக்கொண்டு, ரென்ப்ரூ என்ற ஊரிலுள்ள பாப்காக் அண்டு வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார்! ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைத் தயாராக வைத்திருந்தார்கள். நீர்க்கட்டி ஒருவிதமாகவும், கெட்டிக் கட்டி வேறுவிதமாகவும் எதிரொலி கொடுத்தன.

பிறகு ஒருநாள், வயிறு பானைபோல வீங்கிய ஒரு வயதான பெண்மணியை அவரிடம் காட்டினார்கள். இரைப்பையில் புற்றுநோய், வயிற்றில் நீர் கோத்துவிட்டது, பிழைக்கமாட்டாள் என்று முடிவு கட்டிய கேஸ். டொனால்டு தன் கருவியை வைத்துப் பார்த்தார். நீர் கோத்த அடையாளம் இல்லை. ஒரே பெரிய நீர்க்கட்டியின் எதிரொலி வந்தது! ஆபரேஷன் செய்தார்கள். சினைப்பையிலிருந்து வந்த சாதுவான கட்டி. எடுத்தவுடன் பெண்மணி பிழைத்துக்கொண்டாள்.

டொனால்டும், மக்விகார் என்ற டாக்டரும், டாம் பிரவுன் என்ற இளம் என்ஜினீயரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7-ந் தேதி "லான்செட்" பத்திரிகையில் வெளிவந்தது. அதன் தலைப்பு குழந்தையைப் பற்றியதல்ல. "வயிற்றுக் கட்டிகளை ஒலி அலையால் ஆராய்தல்" என்பதே அதன் பொருள்.

இதைச் சேலத்துக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெண் சிசுக்களைக் காப்பதற்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதன்முதலில் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என 1994-ல் சட்டம் வந்தது. ஸ்கேன் அறைதோறும் அந்த எச்சரிக்கைப் பலகை தொங்குகிறது. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற வந்த கருவியைப் பெண்ணை ஒழிக்கப் பயன்படுத்தினார்கள் நம் ஆட்கள். அந்தக் கருவி எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையை அது செய்யட்டும்.

ஸ்கேனில் என்ன தெரியும்?

டெர்மாய்டு கட்டி ஸ்கேன் திரையில் தனி முத்திரையோடு தெரியும். உள்ளே மிதக்கும் முடிகள் சிறுசிறு கோடுகளாகவும் புள்ளிகளாகவும் மின்னும். சுவரிலுள்ள சதை மேடு வெள்ளையாகப் பளிச்சிடும். முடியும் கொழுப்பும் கலந்த உருண்டை ஒலி அலையை விழுங்கிவிடுவதால், மேல்பாகம் மட்டும் தெரிந்து மற்றது நிழலாகிவிடும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. குடலில் உள்ள வாயுவும் கிட்டத்தட்ட அதேமாதிரி நிழல் கொடுக்கும். அனுபவம் இல்லாத கண், கட்டியைக் "குடல் வாயு" என்று விட்டுவிடக் கூடும்! வெறும் வாயு என்று ஒரு ஸ்கேனில் வந்தும் வயிற்று மேடு குறையவில்லை என்றால் மறுபடி காட்ட வேண்டும்.

கட்டி டெர்மாய்டு என்று தெரிந்தாயிற்று. அது சினைப்பையில் இருக்கிறதா, வெளியில் இருக்கிறதா? கைதேர்ந்த ஸ்கேன் டாக்டர் இந்த இடத்தில்தான் துப்பறிவாளராக மாறுகிறார்.

முதலில் அவர் தேடுவது கட்டியை அல்ல. இரண்டு சினைப்பைகளையும்! வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டும் முழுசாக, தனியாக, சுகமாகத் தெரிந்தால், இந்தக் கட்டி சினைப்பைக்குச் சொந்தமல்ல என்ற சந்தேகம் பிறக்கிறது. ஒருபக்கம் சினைப்பையே காணோம் என்றால்? ஒன்று, கட்டி அதை விழுங்கிவிட்டது. அல்லது சினைப்பை கழன்று கட்டியோடு போய்விட்டது. அப்போது டாக்டர் கேட்கும் கேள்வி: "அம்மா, எப்போதாவது கடுமையான வயிற்றுவலி வந்து தானாக நின்றதா?"

அடுத்தது அசைவு. கருவியால் மெல்ல அழுத்தினால் கட்டி சினைப்பையோடு சேர்ந்து நகர்கிறதா, தனியாக நழுவுகிறதா? சினைப்பைக் கட்டி கீழே வேர் உள்ளது. கொழுப்புச் சவ்வுக் கட்டி மேலே வேர் உள்ளது, மேலே தள்ளினால் சுலபமாக ஏறும். நேற்று தொப்புளுக்குக் கீழே இருந்தது, இன்று விலாவுக்குக் கீழே இருக்கிறது என்று நோயாளியே சொன்னால் அதைச் சிரித்து ஒதுக்கக்கூடாது.

மூன்றாவது, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பது. டாப்ளர் ஸ்கேனில் ரத்தக் குழாயைப் பின்தொடரலாம். சி.டி. ஸ்கேன் எடுத்தால் கொழுப்பு தண்ணீரைவிடக் கறுப்பாகத் தெரியும், பல்லும் எலும்பும் வெள்ளையாக மின்னும். ரத்தக் குழாய் இடுப்பிலிருந்து ஏறுகிறதா, மேலே கொழுப்புச் சவ்விலிருந்து இறங்குகிறதா என்பதும் தெரியும். எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்பை மட்டும் மறையச் செய்து பார்க்கும் உபாயம் இருக்கிறது. ஸ்கேன் வருமுன் டாக்டர்களுக்கு எக்ஸ்ரே ஒன்றுதான் துணை. வயிற்றுப் படத்தில் பல் தெரிந்தால் கேஸ் தீர்ந்தது. ஆனால் எல்லாக் கட்டியிலும் பல் இருப்பதில்லை.

இத்தனையும் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு சின்ன வேலைகளைப் பழைய டாக்டர்கள் மறக்கமாட்டார்கள். முதலில் நோயாளியைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பையே கட்டியாகத் தோன்றி அசட்டுப் பட்டம் வாங்கிக்கொடுத்த கதைகள் உண்டு. இரண்டாவது, கர்ப்பப் பரிசோதனை.

கட்டியைப் போல ஏமாற்றும் மற்றவைகளும் இருக்கின்றன. கருப்பையிலிருந்து காம்போடு தொங்கும் நார்க்கட்டி ஒன்று. பழுத்து மூடிக்கொண்ட குடல்வால் இன்னொன்று. சிலருக்குச் சிறுநீரகமே பிறவியில் இடுப்புக் குழியில் இருக்கும். அதைக் கட்டி என்று எடுத்துவிட்டால் என்ன ஆவது! நம் நாட்டில் வயிற்றுக் காசநோயும் சினைப்பைப் புற்றுநோய் போலவே தோற்றம் காட்டும். சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனை இரண்டிலும் கூடும். வேறு சி.ஏ. 19-9 என்ற பரிசோதனை, சாதாரண டெர்மாய்டிலேயே சில சமயம் கூடிக் காட்டும். ரத்தச் சீட்டில் ஓர் எண் ஏறியிருப்பதைப் பார்த்து, புற்றுநோய் என்று வீடே அழ வேண்டியதில்லை. டெர்மாய்டு புற்றாக மாறுவது நூற்றில் ஒன்று இரண்டுதான்.

திறந்து பார்த்தால்...

இவ்வளவு சோதனை எதற்கு? எப்படியும் ஆபரேஷன்தானே, திறந்து பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம்.

சினைப்பைக் கட்டி என்று நினைத்து அடிவயிற்றில் சிறிதாகக் கீறினால், கொழுப்புச் சவ்வுக் கட்டியின் வேர் கைக்கு எட்டாது. கீறலை மேலே நீட்ட வேண்டும். குடல் சவ்விலுள்ள கட்டியானால் குடல் ஆபரேஷன் தெரிந்த சர்ஜன் பக்கத்தில் இருக்க வேண்டும். மலக்குடலுக்குப் பின்னால் இருந்தால் வழியே வேறு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, "சினைப்பையை எடுக்கிறோம்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். சினைப்பையோ சுகமாக இருக்கிறது! இருபது வயதுப் பெண்ணின் நல்ல சினைப்பையை வீணாக இழக்கக்கூடாது அல்லவா? அவளுடைய மாதவிலக்கும், பிள்ளைப்பேறும், எலும்பின் உறுதியும் அதை நம்பியிருக்கின்றன.

கட்டி சினைப்பையிலேயே இருந்தாலும், சினைப்பையை விட்டுவிட்டு, பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குவதுபோலக் கட்டியை மட்டும் உரித்தெடுப்பது இளம் பெண்களுக்கு இப்போதைய முறை. துவாரம் போட்டு லாப்பராஸ்கோப் மூலமும் செய்கிறார்கள். கட்டியை ஒரு பைக்குள் போட்டு வெளியே இழுப்பார்கள். ஏனென்றால் உள்ளே உடைந்து அந்த எண்ணெய் வயிற்றில் கொட்டினால் சவ்வு வெந்துபோய் வலியும் காய்ச்சலும் வரும், குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தப்பித்தவறிக் கொட்டினால் வெதுவெதுப்பான உப்புநீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள்.

வீட்டில் எண்ணெய் தடவி வயிற்றை உருவி விடும் பாட்டிமார்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எல்லாக் கட்டியையும் உடனே எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. சிறியதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால், ஸ்கேனில் கவனித்துக்கொண்டே பொறுத்திருக்கலாம். குழந்தை பெறும் வயதில் இவை வருஷத்துக்குச் சுமார் 1.8 மில்லிமீட்டர்தான் வளருகின்றன என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டு நெல்மணியின் கனம்கூட இராது!

பேய் அல்ல, பிசாசு அல்ல

2007-ல் அமெரிக்காவில் ஜோசப் டால்மாவ் என்ற நிபுணரும் அவர் குழுவினரும் வெளியிட்ட செய்தி வைத்திய உலகைத் திடுக்கிட வைத்தது. நன்றாக இருந்த இளம் பெண்கள் திடீரென்று உளறுகிறார்கள், கூச்சலிடுகிறார்கள், வாயைக் கோணுகிறார்கள், வலிப்பு வருகிறது, பிரக்ஞை தப்புகிறது. மனநோய் என்று நினைத்த கேஸ்கள். சோதித்ததில் அவர்களில் பலருக்குச் சினைப்பையில் இந்த ஜாதிக் கட்டி இருந்தது! கட்டியில் இருந்த நரம்புத் திசுவை எதிர்க்க உடம்பு ஆயுதம் தயாரிக்கிறது. அந்த ஆயுதம் கட்டியோடு நிற்காமல் சொந்த மூளையையே தாக்குகிறது. கட்டியை எடுத்து, தகுந்த மருந்தும் கொடுத்தபோது பலர் குணமடைந்தார்கள்.

கட்டி உள்ளவர்களுக்கெல்லாம் இப்படி வராது. மிக அபூர்வம். கட்டி இல்லாமலும் இந்த மூளை வியாதி வருவதுண்டு. ஆனால் வயசுப் பெண் ஒருத்தி திடீரென்று பேய் பிடித்தவள்போல ஆடினால், கோவிலுக்கு அழைத்துப் போகிறவர்கள், போகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி, மூளையோடு வயிற்றையும் பார்க்கச் சொல்லலாம். வேப்பிலை காத்திருக்கும். இந்த வியாதி காத்திருக்காது.

எப்போது ஓட வேண்டும்?

அடிவயிற்றில் ஒருபக்கம் திடீரென்று உயிர் போகிற வலி, கூடவே வாந்தி. இது கட்டி முறுக்கிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம். டெர்மாய்டு கட்டிகளில் நூற்றுக்கு 3 முதல் 16 வரை முறுக்கிக்கொள்வதாகக் கணக்கு. கட்டியில் கொழுப்பு அதிகம், காம்பு நீளம். அதனால் சுலபமாகச் சுழலும். மணிக்கணக்குத்தான் அவகாசம். அதற்குள் பிரித்துவிட்டால் சினைப்பை பிழைக்கும். விடியட்டும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தால் பிழைக்காது. கர்ப்பிணிகளும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கருப்பை வளர்ந்து மேலே ஏறும்போது கட்டியும் இடம்மாறி முறுக்கிக்கொள்ளும். முன்கூட்டியே தெரிந்தால், அவசியமானால், நாலாவது ஐந்தாவது மாதத்தில் ஆபரேஷன் செய்வார்கள். குழந்தைக்கு அது ஓரளவு பத்திரமான சமயம்.

அம்மாபேட்டைக்காரர்களுக்கு இதற்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ ரயிலேற வேண்டிய அவசியம் இல்லை. சேலம் டவுனிலேயே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1986-ல் மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து அது பெரிய ஆஸ்பத்திரி. மகப்பேறு டாக்டர், ஸ்கேன் டாக்டர், சர்ஜன், மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இந்தக் கட்டி விஷயத்தில் பெரிய சௌகரியம். போகும்போது பழைய ஸ்கேன் படங்கள், சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டும். கலியாணமாகாத பெண்ணானால் வயிற்றுக்கு மேலே கருவி வைத்துப் பார்க்கும் ஸ்கேனே செய்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். அதனால்தான் தண்ணீர் குடித்துக்கொண்டே வெளியில் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியைப் பார்மலின் ஜாடியில் போட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். முதிராத நரம்புத் திசு இருக்கிறதா, புற்று இருக்கிறதா என்பது அதில்தான் தீரும். கட்டியின் ஓரத்தில் சினைப்பைத் திசுவின் மிச்சம் தெரிந்தால், அது கழன்று வந்த கட்டியாக இருக்கலாம். இல்லாவிட்டால் அங்கேயே பிறந்ததாக இருக்கலாம். அந்தச் சீட்டு வர சில நாட்கள் ஆகும். தையல் பிரிக்கப் போகும்போது அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். நூற்றில் 10 முதல் 15 பெண்களுக்கு இரண்டு பக்கச் சினைப்பையிலும் டெர்மாய்டு இருப்பதுண்டு. ஆகவே, மறுபக்கத்தைப் பார்ப்பதற்காகப் பிறகும் ஸ்கேனுக்கு வரச்சொல்லித் தேதி எழுதிக் கொடுப்பார்கள்.